கோச்சியும் கோப்பியும்: ஆங்கில ஒலிகள் அயற்செவியில் பெற்ற வரலாறு

கண்டி இராச்சியம் 1815ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் வசமாயிற்று. ஆட்சியைக் கைப்பற்றியவர்களுக்கு அதனை நிலைநிறுத்தப் பாதை தேவைப்பட்டது. எட்வேட் பான்ஸ் நாட்டின் நிருவாகத்தை நடத்திய காலத்தில், 1820இல், கொழும்பையும் கண்டியையும் இணைக்கும் வீதிவேலை தொடங்கிற்று. அவ்வீதி மலைநாட்டினுள் ஏறும் வாயிலே கடுகண்ணாவை. வீதியமைப்பில் முன்னின்ற கப்டன் டோசன் 1829இல் இறந்தார். அவர் நினைவாகக் கட்டப்பெற்று 1832இல் நிறைவெய்திய கோபுரம் இன்றும் கணவாயின் உச்சியில் நிற்கின்றது. அதே 1832ஆம் ஆண்டில் கொழும்புக்கும் கண்டிக்குமிடையே குதிரை பூட்டிய தபால் வண்டி ஓடத் தொடங்கியது. 1867இல் புகையிரதம் இதே மலையை 45க்கு 1 என்னும் சரிவில் ஏறிக் கண்டியை அடைந்தது.

இவ்வழியே படையும் கோப்பி மூட்டையும் மாத்திரமன்றிச் சொற்களும் போக்குவரத்துச் செய்தன. அவற்றுள் இரண்டினை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். வண்டியைக் குறித்த 'கோச்' என்னும் ஆங்கிலச் சொல் இலங்கைத் தமிழர் வாயிற் 'கோச்சி' என்றாகிப் புகையிரதத்துக்குப் பெயராயிற்று. சிங்களத்தில் அது 'கோச்சிய' என வழங்கும். மற்றையது 'கோப்பி'. தமிழகத்திற் 'காப்பி' என வழங்கும் இச்சொல்லில் ஆங்கிலத்தின் உதட்டுப்பல் ஒலி பகரமாக மாறியுள்ளது.

இங்கு வியப்புக்குரிய செய்தி ஒன்றுண்டு. இலங்கையுடன் அக்காலத்தில் எத்தகைய தொடர்புமற்றிருந்த கொரிய நாட்டவரும் இவ்விரு சொற்களையும் ஏறத்தாழ இவ்வாறே ஒலிக்கின்றனர். விளையாட்டுப் பயிற்றுநரைக் குறிக்கும் 'கோச்' கொரிய மொழியிற் 'கோச்சி' என்றே வழங்குகின்றது. கோப்பியும் அங்குப் பகரம் பெற்றே ஒலிக்கின்றது. ஒருவரையொருவர் அறியாத இரு மக்கட் கூட்டத்தினர் ஒரே 'பிழையை'ச் செய்தனராயின், அது பிழைதானா என்னும் வினா எழுவது இயல்பு. அவ்வினாவுக்கு விடை காண்பதும், ஒலிப்பிழை என்னும் கருத்து நம் நாட்டில் எவ்வாறு சமுதாய வேலியாயிற்று என்பதை நோக்குவதுமே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

செவிக்கும் இலக்கணமுண்டு

அயன்மொழிச் சொல்லைக் கேட்பவன் வெறுஞ்செவியாற் கேட்பதில்லை. தன் மொழியின் இலக்கணத்தாற் கேட்கின்றான். இவ்வுண்மையைத் தமிழிலக்கண ஆசிரியர் பண்டே உணர்ந்திருந்தனர். வடசொற்கள் தமிழுள் வருங்கால் வடவெழுத்தை நீக்கித் தமிழெழுத்தைப் பெற்று வரவேண்டும் எனத் தொல்காப்பியம் வகுத்தது. தமிழ்ச்சொல் வல்லின மெய்யில் முடியாது. சொல்லின் முதலில் இரு மெய்கள் இணைந்து நில்லா. ஆதலின் ஆங்கிலச் சொல்லின் இறுதி வல்லொலிக்குக் குற்றியலுகரம் துணையாக வருகின்றது. 'புக்' என்பது 'புக்கு' ஆகின்றது. இறுதியிற் சகரம் போன்ற இடையண்ண ஒலி வரின், உகரத்திற்கு மாறாக இகரம் சேர்வதும் உண்டு. 'கோச்சி' பிறந்த முறை இதுவே.

கொரிய மொழியின் நிலையும் இதற்கு மிக அண்மையது. அம்மொழியிற் குற்றியலுகரத்தை ஒத்த, இதழ் குவியாத உயிரொலி ஒன்றுண்டு. சகர ஒலியில் முடியும் 'பஸ்' என்னும் சொல்லின் ஈற்றில் அவர்கள் அவ்வுயிரையே சேர்க்கின்றனர். தமிழன் 'பஸ்ஸு' என்பதும் அதுவும் ஒரே செயலாகும். இடையண்ண ஒலிக்குப் பின் இகரம் சேர்ப்பதிலும் இருமொழியும் ஒன்றுபடுகின்றன. மேலும், சொல்லின் முதலில் வல்லோசையாகவும் உயிர்களின் நடுவே மெல்லோசையாகவும் ஒரே எழுத்து ஒலிப்பது தமிழுக்கும் கொரிய மொழிக்கும் பொதுவான பண்பு. 'கல்', 'பகல்' என்னும் சொற்களிற் ககரம் ஒலிக்கும் வேறுபாட்டை இதற்குச் சான்றாகக் கொள்ளலாம்.

வேற்றுமைகளும் உள. கொரிய மொழியில் ரகரத்துக்கும் லகரத்துக்கும் ஒரே எழுத்தே உண்டு; எனவே சோற்றைக் குறிக்கும் 'றைஸ்' என்பதையும் பேன்களைக் குறிக்கும் 'லைஸ்' என்பதையும் வேறுபடுத்தக் கொரிய மாணவன் இடர்ப்படுகின்றான். தமிழ் மாணவனுக்கு இவ்விடர் இல்லை. மறுபுறம், கொரியச் சொற்கள் க, ட, ப போன்ற சில அடைப்பொலிகளில் முடிதல் கூடுமாதலின், 'புக்' என்பதற்கு அவர்களுக்குத் துணையுயிர் தேவைப்படுவதில்லை. ஒவ்வொரு மொழியினதும் 'பிழைகள்' ஒழுங்கற்றவையல்ல; தாய்மொழியின் விதிகளை அறிந்தோர் அவற்றை முன்கூட்டியே கூறிவிடலாம்.

ஒரு மொழி, இரு செவிகள்

தமிழுக்குள்ளேயே செவிகள் வேறுபடுவதைக் கண்டிப் பகுதியிற் காணலாம். ஆங்கிலத்தின் டகரம் தமிழ் டகரம் போன்று நா வளைந்து பிறப்பதன்று. தகரம் போன்று பல்லைத் தொட்டுப் பிறப்பதுமன்று. அது நுனியண்ணத்திற் பிறப்பது. யாழ்ப்பாணத் தமிழர் 'காற்று', 'நேற்று' முதலிய சொற்களில் இரட்டித்த றகரத்தை அவ்விடத்திலேயே ஒலிப்பர். ஆதலின் அவர்கள் ஆங்கில ஒலியைத் தம் றகரமாகக் கேட்டு 'ரிக்கற்' என எழுதினர். தென்னிந்தியாவிலிருந்து வந்த தோட்டத் தொழிலாளர் மரபினர் அதே ஒலியை டகரமாகக் கேட்டு 'டிக்கட்டு' என்றனர். கண்டி வீதியில் ஒரே சொல் இரு வடிவில் உலவியமைக்குக் காரணம் இதுவாகும். இரண்டனுள் எதுவும் மற்றதனிலும் தாழ்ந்ததன்று.

பெருந்தோட்டத் தமிழ் இத்தகைய சொற்களின் களஞ்சியமாகும். 1820களில் கம்பளைப் பகுதியிற் கோப்பித் தோட்டம் தோன்றியது. 1869இற் பரவத் தொடங்கிய இலைநோய் கோப்பியை அழிக்க, 1867இல் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரையிற் பயிரிட்ட தேயிலை அதனிடத்தைப் பிடித்தது. இக்காலப் பகுதியில் அணிவகுப்பைக் குறித்த ஆங்கிலச் சொல் 'பெரட்டு' ஆகி, விடியற்காலையில் ஆட்கணக்கு எடுக்கும் களத்தைக் குறித்தது. வரிசை வீடுகளைக் குறித்த 'லைன்' என்பது 'லயம்' ஆயிற்று.  எழுத்துவினைஞர் 'கிளாக்கர் ஐயா' ஆனார். இச்சொற்களை நோக்கின் ஓருண்மை புலனாகும். தொழிலாளரிடம் வந்த ஆங்கிலம் நூலின் வழி வந்ததன்று. கட்டளையின் வழி வந்தது. எழுதிப் பழகாத சொற்களைச் செவி தன் இலக்கணப்படி திருத்திக்கொண்டது.

துரையின் தமிழ்

மறுதிசையிலும் மொழிக்கல்வி நடைபெற்றது. தோட்டத்துக்கு வந்த இளம் ஆங்கிலேயருக்குத் தமிழ் தேவைப்பட்டது. அவர்களுக்கெனக் கொழும்பில் வெளிவந்த கைந்நூல் ஒன்றின் பெயர் 'இங்கே வா' என்பதாகும். சின்னத்துரையின் சட்டைப்பைக்குரிய தமிழ் வழிகாட்டி என அது தன்னை அறிமுகஞ் செய்தது. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் வெளிவந்த வெல்ஸ் என்பாரின் நூலோ தொழிலாளர் தமிழையே தன் பெயராகக் கொண்டிருந்தது. ஒரு மொழியைக் கற்பிக்கும் நூல் ஏவலையே தலைப்பாகச் சூடியமை அம்மொழி எதற்காகக் கற்கப்பட்டது என்பதைத் தெளிவாக்கும்.

ழகர, ளகர, ணகரங்கள் ஆங்கிலேய நாவுக்கு இலகுவில் அமைவன அல்ல. துரைமாரின் தமிழ் தொழிலாளரின் ஆங்கிலத்திலும் செம்மையுடையதாயிருந்தது என்று கொள்வதற்கு இடமில்லை. எனினும் துரையின் ஒலிப்பிழை அவரது பதவிக்கோ மதிப்புக்கோ ஊறு செய்யவில்லை; அவர் தவறாகச் சொன்னதைச் சரியாக விளங்கிக்கொள்வது கேட்பவரின் கடமையாயிற்று. தொழிலாளியின் மகன் ஆங்கிலத்தில் அதே வகைப் பிழையைச் செய்தால் அது அவனது தகுதிக்குறைவின் சான்றாயிற்று. பிழையின் நிறை நாவினாலன்றி அதிகாரத்தினால் அளக்கப்பட்டது என்க.

ஆங்கிலத்தை முறையாகக் கற்கும் வாய்ப்பும் தோட்டத்துக்கு வெளியேதான் இருந்தது. 1920ஆம் ஆண்டின் கல்விச்சட்டம் தோட்டப் பிள்ளைகளுக்குத் தாய்மொழியில் ஆரம்பக் கல்வி அளிக்கும் பொறுப்பை நிருவாகத்தின் மீது சுமத்தியது. அதற்கு மேற்பட்ட கல்விக்கு அங்கு வழியில்லை. 1945இல் இலவசக் கல்வி நாடெங்கும் வந்தபோதும் தோட்டப் பாடசாலைகள் பெரும்பாலும் அதற்குப் புறம்பாகவே நின்றன. அவற்றை அரசு பொறுப்பேற்கும் பணி 1970களிலேயே வேகம் பெற்றது.

வாளாகிய மொழி

சிங்களத்திற் 'கடுவ' என்பது வாளைக் குறிக்கும். பல்கலைக்கழக மாணவரிடையே ஆங்கிலத்துக்கு வழங்கிய பட்டப்பெயரும் அதுவே. ஆங்கிலம் தெரிந்தவன் தெரியாதவனை அவ்வாளால் வெட்டுகின்றான் என்பது கருத்து. இவ்வழக்கைத் தலைப்பாகக் கொண்டே பேராசிரியர் திரு கந்தையா 1984இல் ஆங்கிலமும் அதிகாரமும் பற்றிய தம் ஆய்வுக்கட்டுரையை வெளியிட்டார். கடுகண்ணாவை என்னும் ஊர்ப்பெயரிலும் சிங்களச் செவிக்கு அவ்வாட்சொல் கேட்கும். ஆங்கிலம் மலையேறிய வாயிலின் பெயரும் ஆங்கிலத்தின் பட்டப்பெயரும் ஒலியால் ஒத்தமை தற்செயலே எனினும், மறக்கவியலாத ஒப்புமையாகும்.

வாளின் கூர் பெரும்பாலும் ஒலியிலேயே இருந்தது. ஆங்கிலத்தில் அகரத்துக்கும் ஒகரத்துக்கும் இடைப்பட்ட உயிரொலி ஒன்றுண்டு. தமிழிலோ சிங்களத்திலோ அவ்வொலி இல்லை. ஆதலின் 'நொட்', 'பொட்' என்று தூய ஒகரத்தால் ஒலிப்பவரை, அவ்விரு சொற்களையே சேர்த்துப் பெயராக்கி நகைக்கும் வழக்கம் இலங்கையில் எழுந்தது. சொல்லின் முதலில் மெய்கள் இணையுமிடத்து இகரம் சேர்த்து 'இஸ்டோர்' என்பவரும் நகைப்புக்கு உள்ளாயினர். நகைத்தவரும் ஆங்கிலேயரைப் போன்று ஒலித்தவரல்லர். இலங்கையில் வழங்கும் ஆங்கிலம் தனக்கெனப் பண்புகள் உடையது என்பதை எச்.ஏ. பாஸே 1948இலேயே இலண்டன் பல்கலைக்கழகத்துக்கு அளித்த ஆய்வேட்டின் பொருளாக்கியிருந்தார். ஆகவே இது செம்மைக்கும் பிழைக்குமிடையேயான போராட்டமன்று. ஒரு வகுப்பாரின் உள்நாட்டு ஒலிப்புக்கும் மற்றொரு வகுப்பாரின் உள்நாட்டு ஒலிப்புக்கும் இடையேயானதாகும்.

கொரியாவின் வரலாறு இங்கு ஒப்புநோக்கத் தக்கது. ஆங்கில மொழிபெயர்ப்பாளரைப் பயிற்றும் அரச பள்ளி அங்கு 1883இல் நிறுவப்பட்டது. 1986இல் அந்நாட்டரசு அயற்சொற்களை எழுதும் விதிகளைத் திருத்தி வெளியிட்டபோது உதட்டுப்பல் ஒலியைப் பகரமாகவே எழுதுமாறு வகுத்தது. இதனாற் கோப்பைக் குறிக்கும் சொல்லும் குவியலைக் குறிக்கும் சொல்லும் எழுத்தில் ஒன்றாயின. எனினும் கொரியர் கொரியம் பேசுங்கால் அதனைக் குறையாகக் கருதுவதில்லை. அவர்களே ஆங்கிலம் பேசப் புகுங்கால் அது திருத்தவேண்டிய பழக்கமாகின்றது. இரவற்சொல்லின் ஒலி வேறு, அயன்மொழிப் பேச்சின் ஒலி வேறு என்னும் இத்தெளிவு நம்மிடையே போதிய அளவு வேரூன்றவில்லை. தமிழிற் 'கோப்பி' என்பவனை ஆங்கிலமறியாதவன் எனக் கொள்ளும் மயக்கம் அதனாலேயே விளைகின்றது.

மரபுத்தொடர்களின் வழி

ஒலியினும் நுண்ணியது மரபுத்தொடர். விடைபெறும்போது 'போகிறேன்' என்பது தமிழில் மங்கலமன்று; 'போய்வருகிறேன்' என்பதே முறை. சிங்களத்திலும் அவ்வாறே. இலங்கையர் ஆங்கிலத்தில் 'கோ அண்ட் கம்' எனக் கூறி விடைபெறுவது இம்முறையின் நேர்பெயர்ப்பாகும். இதனைக் கேட்கும் ஆங்கிலேயன் மயங்கலாம், கொரியன் மயங்கான். ஏனெனில் வீட்டிலிருந்து புறப்படும் கொரியரும் போய்வருவதாகவே கூறிச் செல்வர். 2004இல் இலங்கைக்கும் கொரியாவுக்குமிடையே தொழிலாளர் அனுப்பும் உடன்பாடு ஏற்பட்டபின் கொரிய மொழியைக் கற்கும் இலங்கை இளைஞர் பலர். ஆங்கிலத்தைப் பயிலும்போது தாம் 'பிழை' எனக் கேட்ட தம் பழக்கங்கள் சில, கொரிய மொழியில் இயல்பான வழக்காக விளங்குவதை அவர்கள் காணலாம்.

முடிவுரை

இதுவரை கூறியவற்றால் ஒலிப்பயிற்சி வேண்டாம் என்பது பெறப்படாது. விசிறியைக் குறிக்கும் 'ஃபான்' என்பதும் சட்டியைக் குறிக்கும் 'பான்' என்பதும் ஒன்றாக ஒலித்தாற் பொருள் கெடும். அவ்வேறுபாட்டை ஆசிரியர் கற்பித்தல் வேண்டும். ஆனால் பொருளைக் கெடுக்கும் வேறுபாடு வேறு, பிறப்பையும் ஊரையும் மாத்திரம் காட்டிக்கொடுக்கும் வேறுபாடு வேறு. முன்னையது பாடம், பின்னையது தண்டனை. மாணவனின் தாய்மொழி இலக்கணத்தை அறிந்த ஆசிரியர் முன்னதைத் திருத்தப் பின்னதை விட்டுவிட இயலும். 1987ஆம் ஆண்டின் 13ஆவது அரசியலமைப்புத் திருத்தம் தமிழை ஆட்சிமொழியாகவும் ஆங்கிலத்தை இணைப்பு மொழியாகவும் கொண்டது. இணைப்பதற்கென வைத்த மொழி வெட்டுவதற்குப் பயன்படலாகாது. லயத்திலிருந்து விரிவுரை மண்டபத்துக்கு வரும் மாணவன் தன் ஒலிக்கு அஞ்சி வாய் திறவாதிருப்பானாயின், இழப்பு அவனுக்கு மாத்திரமன்று. அவன் கேட்கவிருந்த வினாவை இழக்கும் வகுப்புக்கும் உரியதாகும்.