போர் நிதிக்கு ஒரு நன்கொடை

1940 ஜூனில் பாரீஸ் விழுந்ததும் எங்கள் ஊருக்குத் தலைவலி வந்தது. பிரான்ஸின் ஆட்சித் தலைவர் மார்ஷல் பெத்தேன் ஜெர்மனியிடம் பணிந்துவிட்டார். லண்டனில் இருந்த பிரெஞ்சு ஜெனரல் தெ கோல் போரைத் தொடரச் சொல்கிறார். பிரெஞ்சுப் புதுச்சேரியின் கவர்னர் லூயி பொன்வேன் யார் பக்கம்? சுற்றிலும் பிரிட்டிஷ் இந்தியா. சரக்கும் ரயிலும் அவர்கள் எல்லையைத் தாண்டித்தான் வரவேண்டும். கொள்கை பாதி, வயிறு பாதி என்பது என் கணிப்பு. செப்டம்பரில் அவர் தெ கோலோடு சேர்ந்தார்.

இதைவிட எனக்குச் சுவையானது இங்குள்ள அரவிந்தர் ஆசிரமத்துக்குள் நடந்த விவாதம். அலிப்பூர் வெடிகுண்டு வழக்கில் ஓராண்டு சிறையில் கிடந்து, 1910இல் பிரிட்டிஷ் போலீஸிடம் சிக்காமல் இங்கே வந்து சேர்ந்தவர் அரவிந்தர். அவரே அதே செப்டம்பரில், ஆசிரமத்தை நடத்திய அன்னையோடு சேர்ந்து வைஸ்ராயின் போர் நிதிக்கு நன்கொடை அனுப்பினார்! வெள்ளைக்காரன் தோற்றால் நமக்கு நல்லதுதானே என்றிருந்த சீடர்கள் திகைத்துப் போனார்கள். ஹிட்லர் ஜெயித்தால் இந்தியாவுக்கு வருவது அதைவிடக் கொடிய அடிமைத்தனம் என்று அவர் கடிதம் கடிதமாக வாதாடினார்.

எதிர்த்தரப்பும் லேசானதல்ல. இந்தியாவைக் கேட்காமலே வைஸ்ராய் போரில் இழுத்துவிட்டார் என்றுதான் 1939இல் சென்னையில் ராஜாஜி மந்திரிசபை விலகியது. ஆனாலும் மாகாணத்தில் வசூல் நிற்கவில்லை. அந்த நன்கொடைக்காக பிரிட்டிஷ் விமானப்படையின் 264ஆம் பிரிவுக்கு ‘மதராஸ் மாகாணம்’ என்றே பெயர் வந்தது.

போருக்குப் பின் இந்தியாவுக்குச் சுயாட்சி தருவதாக பிரிட்டன் 1942இல் முன்வைத்த கிரிப்ஸ் திட்டத்தை ஏற்கச் சொல்லி அரவிந்தர் தம் சீடர் துரைசாமி ஐயரை டில்லிக்கு அனுப்பினார். காங்கிரஸ் கேட்கவில்லை. போரோ நம் கரைக்கே வந்தது: அதே ஆண்டு ஏப்ரல் 6இல் ஜப்பான் விமானங்கள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு போட்டன.