ஒரு தேதி பிறந்த கதை

தென்காசியிலோ குற்றாலத்திலோ ஓர் அரசுப் பள்ளியில் இரண்டு ஆசிரியர்களை நினைத்துக்கொள்ளுங்கள். நடத்தும் பாடம் ஒன்று, வாங்கும் மரியாதையும் ஒன்று. 2002-ல் வேலைக்கு வந்தவருக்குப் பழைய பென்ஷன். 2006-ல் வந்தவருக்குச் சி.பி.எஸ். என்ற பங்களிப்பு ஓய்வூதியத் திட்டம். இருவருக்கும் நடுவே நிற்பது 01.04.2003 என்ற தேதி.

அந்தத் தேதியைக் குறித்த தமிழ்நாடு நிதித்துறை அரசாணை 259 வெளிவந்தது 06.08.2003 அன்று, முன்தேதியிட்டு. அதற்கு முந்தைய ஜூலையில், பென்ஷன் சலுகைகளை வெட்டியதை எதிர்த்து மாநிலம் முழுக்க வேலைநிறுத்தம் நடந்தது. ஏறக்குறைய 1.7 லட்சம் பேரை அரசு வேலையைவிட்டு நீக்கியது. அரசு ஊழியருக்கு வேலைநிறுத்த உரிமை கிடையாது என்று டி.கே. ரங்கராஜன் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதும் அதே ஆகஸ்ட் 6 அன்றுதான். எதிர்த்துக் கேட்க ஆளில்லாத நேரத்தில் பிறந்த திட்டம் சி.பி.எஸ். என்றே நான் நினைக்கிறேன்.

பழைய முறையில் ஊழியரிடம் பென்ஷனுக்கென்று பிடித்தம் இல்லை. முழுப் பணிக்காலம் முடித்தவருக்குக் கடைசிச் சம்பளத்தில் பாதி மாதாமாதம் வரும். அவர் காலத்துக்குப் பின் மனைவிக்கோ கணவருக்கோ குடும்ப ஓய்வூதியம். சி.பி.எஸ்.ஸில் அடிப்படைச் சம்பளத்திலும் அகவிலைப்படியிலும் 10 சதவீதம் பிடித்தார்கள், அரசும் அதே அளவு போட்டது. ஓய்வு பெறும்போது கிடைத்தது வட்டியோடு ஒரு மொத்தத் தொகை. மாதப் பென்ஷன் என்ற பேச்சே இருக்கவில்லை. ஜி.பி.எஃப். என்ற பொது வருங்கால வைப்பு நிதிக் கணக்கும் அவர்களுக்கு இல்லாமல் போனது. மகள் கல்யாணம், வீட்டுக்கு மாடி, அம்மாவின் ஆபரேஷன் எல்லாவற்றுக்கும் ஆசிரியர் குடும்பங்கள் கைவைத்தது அந்தப் பணத்தில்தான். பென்ஷன் போனதை முதுமையில்தான் உணர முடியும், ஜி.பி.எஃப். இல்லாதது நடு வயதிலேயே கழுத்தைப் பிடித்தது.

தேதியை வைத்துப் பிரிப்பது பற்றி முன்பே ஒரு தீர்ப்பு உண்டு. 1982 டிசம்பர் 17-ல் நகாரா வழக்கில், ஓய்வு பெற்ற தேதியை வைத்து ஓய்வூதியரைப் பிரிப்பது தவறு, பென்ஷன் பிச்சை அல்ல என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஓய்வூதியர்கள் இன்றும் கொண்டாடும் நாள் அது. 2003-ல் அரசு கையிலெடுத்தது ஓய்வு பெற்ற தேதியை அல்ல, வேலையில் சேர்ந்த தேதியை.

2026 ஜனவரியில் தமிழ்நாடு உறுதியளிக்கப்பட்ட ஓய்வூதியத் திட்டத்தை முதலமைச்சர் ஸ்டாலின் அறிவித்தார். கடைசிச் சம்பளத்தில் பாதி, 2006-ல் சேர்ந்தவருக்கும் உண்டு என்றானது. ஆனால் அவரிடம் 10 சதவீதப் பிடித்தம் தொடரும். 2002-ல் சேர்ந்தவருக்கு அந்தப் பிடித்தம் கிடையாது.