முற்றுப்பெறாத் தையல்

தையல் தொழிலைப் பழந்தமிழ் 'துன்னம்' என்று வழங்கிற்று. புகார் நகரத்துத் தொழிலாளரை வரிசைப்படுத்தும் இளங்கோவடிகள், துன்னகாரருக்கும் அவ்வரிசையில் இடம் தருகிறார். பொருநராற்றுப்படையில் வரும் பொருநன் உடுத்திருந்தது வியர்வையில் ஊறிப் பலமுறை தைக்கப்பட்ட கந்தல். கரிகாலன் அதனைக் களைந்து மெல்லிய புத்தாடை அளித்தான் என்று முடத்தாமக்கண்ணியார் பாடுகிறார். கொடுத்த அரசனின் பெயரை இலக்கியம் காத்திருக்கிறது. அக்கந்தலை அதுகாறும் தைத்துத் தைத்து உடுக்கத் தகுந்ததாக வைத்திருந்த கை யாருடையது என்பதைப் பாட்டு சொல்லவில்லை.

வீட்டுத் தையலின் வரலாறு உலகின் பல நாடுகளிலும் இத்தகையதே. பெயர் பொறிக்கப்படாத கைகளின் வரலாறு அது. அதனுள்ளும் மிகுதியாக மறைந்து கிடக்கும் பகுதி ஒன்று உண்டு. தொடங்கப்பட்டு, பாதியில் நின்று, பெட்டியிலும் பரணிலும் பல்லாண்டு உறங்கிய வேலைகளே அவை. அவை ஏன் நின்றன, பின்னர் யாரால் முடிக்கப்பட்டன, முடிக்கும் உரிமை யாருக்கு உரியது என்னும் வினாக்கள் துணியைப் பற்றியவை மட்டும் அல்ல. பாதிக் கவிதையைக் கைப்பெட்டியில் வைத்திருப்போர் அனைவர்க்கும் உரிய வினாக்கள் அவை.

வேலை நிற்கும் இடம்

மேலைநாட்டு ஒட்டுப்போர்வை மூன்று அடுக்குகளால் ஆயது. சிறு துண்டுகளை இணைத்து உருவாக்கிய மேல்துணி, நடுவே பஞ்சோ கம்பளியோ பரப்பிய அடுக்கு, கீழே அடித்துணி. இம்மூன்றும் பிரியாதவாறு ஊடுருவித் தைக்கும் ஓட்டுத்தையலே அதனைப் போர்வை ஆக்குகிறது.

இவ்வேலை பெரும்பாலும் ஓரிடத்தில்தான் நிற்கிறது. மேல்துணியை மடியில் வைத்துத் தைக்கலாம். அடுப்பில் உலை கொதிக்கும் நேரத்திலும், குழந்தை உறங்கும் நேரத்திலும் இரண்டு துண்டுகளை இணைத்துவிட முடியும். இணைத்த துண்டுகளை ஒரு கூடையில் போட்டு வைக்கலாம். அடுத்த கட்டம் அவ்வாறு அன்று. புதிதாகப் பஞ்சும் அடித்துணியும் வாங்கப் பணம் வேண்டும். போர்வையின் அகலத்துக்கு ஏற்ற மரச்சட்டம் வேண்டும். அச்சட்டத்தை விரித்துவைக்க வீட்டில் இடமும் வேண்டும். 19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் அண்டை வீட்டுப் பெண்கள் ஒருநாள் கூடி, சட்டத்தைச் சுற்றி அமர்ந்து இதனைச் செய்து முடித்தனர். அக்கூட்டம் கூடாத இடத்தில் மேல்துணிகள் மடிக்கப்பட்டு அடுக்கில் சேர்ந்தன. ஆகவே முற்றுப்பெறாத் தையலைச் சோம்பலின் சான்றாகக் கொள்வது பிழை. தனிமை, வறுமை, இடமின்மை, நோய், இறப்பு ஆகியவற்றின் சான்றாகவே பல வேளைகளில் அது நிற்கிறது.

காகிதம் காத்த செய்தி

இங்கிலாந்தில் வழங்கிய முறை ஒன்று குறிப்பிடத்தக்கது. காகிதத்தை அறுகோணமாகவோ சாய்சதுரமாகவோ வெட்டி, அதன்மேல் துணியை மடித்துத் தற்காலிகத் தையல் இடுவர். இவ்வாறு அமைந்த துண்டுகளை விளிம்போடு விளிம்பு சேர்த்துத் தைப்பர். வேலை முடிந்ததும் காகிதங்களை உருவி எறிவர். முடியாமல் நின்ற வேலைகளிலோ காகிதங்கள் உள்ளேயே தங்கிவிட்டன. பழைய கடிதங்கள், கணக்கேட்டுத் தாள்கள், செய்தித்தாள்கள் ஆகியவற்றின் நறுக்குகள் அவை. அவற்றின் எழுத்துக்களைக் கொண்டே ஆய்வாளர் வேலையின் காலத்தைக் கணிக்கின்றனர். நிறைவெய்திய போர்வை தன் பிறப்பை மறைத்துவிடுகிறது. நிறைவெய்தாதது அதனைக் காத்துவைக்கிறது.

நாவலாசிரியை ஜேன் ஆஸ்டினும் இக்கலையில் ஈடுபட்டவர். 1811 மே 31 அன்று தமக்கை கசாண்ட்ராவுக்கு எழுதிய கடிதத்தில், ஒட்டுவேலைக்குத் துணித்துண்டுகள் சேர்த்தாயா என்று கேட்டு, வேலை நின்றுவிட்டதாகத் தெரிவிக்கிறார். துணி இல்லை, ஆகவே தையல் இல்லை. அவரும் தாயும் தமக்கையும் சேர்ந்து செய்த போர்வை, ஹாம்ப்ஷயர் மாவட்டத்தில் சாட்டன் ஊரில் அவர்கள் வாழ்ந்த இல்லத்தில் இன்றும் காட்சிக்கு இருக்கிறது. பூக்கூடை அமைந்த பெரிய சாய்சதுரம் நடுவே விளங்க, அதனைச் சுற்றிச் சிறு சாய்சதுரங்கள் வரிசை வரிசையாகப் பரவும் வேலைப்பாடு அது.

நின்ற போர்வை முடிந்தது. நின்ற கதைகள் முடியவில்லை. 'தி வாட்சன்ஸ்' என்னும் நாவலை ஆஸ்டின் 1804 அளவில் தொடங்கிக் கைவிட்டார். 1817இல் நோயுடன் எழுதிய 'சாண்டிட்டன்' அவ்வாண்டு மார்ச்சு மாதத்தில் நின்றது. சூலையில் அவர் மறைந்தார். முன்னதைக் கருவாகக் கொண்டு உறவின்முறை மகள் காதரின் ஹப்பக் 1850இல் 'தி யங்கர் சிஸ்டர்' என்னும் நாவலை வெளியிட்டார். பின்னதைத் தொடர முயன்றவர் மற்றொரு உறவின்முறை மகள் அன்னா லெஃப்ராய். அவர் எழுதிய தொடர்ச்சியும் முற்றுப்பெறாமல் நின்றது. மூன்று பெண்கள் தைத்த போர்வையில் எந்தத் துண்டு எவர் கையால் அமைந்தது என்று பிரித்தறிவது அரிது. அங்ஙனம் பிரித்தறிய வேண்டிய தேவையும் இல்லை. நாவலில் கை மாறினால் முதற்பக்கத்திலேயே தெரிந்துவிடுகிறது. துணிக்கலை பிறர் கையை ஏற்கும் அளவுக்கு மொழிக்கலை ஏற்பதில்லை என்பது இதனால் விளங்கும்.

முடிக்கக் கூடாதது

எல்லாக் குறைவேலையும் முடிக்கப்பட வேண்டியது அன்று. இலண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் எலிசபெத் பார்க்கர் என்பவரின் தையல் துணி ஒன்று இருக்கிறது. சசெக்ஸ் மாவட்டத்து ஆஷ்பர்னம் ஊரில் 1813இல் பிறந்த அவர், வீட்டுப் பணிப்பெண்ணாக வாழ்ந்தவர். 1830 அளவில் வெண்மையான துணியில் சிவப்பு நூலால் குறுக்குத்தையல் எழுத்துக்களில் தம் வாழ்வை எழுதினார். படமோ பூவோ ஓர அலங்காரமோ அதில் இல்லை. பணிசெய்த இடத்தில் நேர்ந்த கொடுமையையும் உயிர்விட எண்ணிய வேதனையையும் வரிவரியாகத் தைத்துக்கொண்டே சென்றவர், தம் ஆன்மாவின் கதி என்னாகும் என்று கேட்கும் இடத்தில் வாக்கியத்தின் நடுவே நிறுத்திவிட்டார். எஞ்சிய துணி வெறுமையாகவே இருக்கிறது.

நிறுத்தியதோடு அவர் வாழ்வு முடிந்துவிடவில்லை. பின்னாளில் அவர் பள்ளி ஆசிரியையாகப் பணியாற்றினார். ஊசியை வைத்துவிட்டு எழுந்து நடந்தவர், அத்துணிக்குத் திரும்ப வரவில்லை. அவ்வெற்றிடத்தில் இன்னொருவர் ஒரு தையல் இட்டாலும் அது மீறலாகும். மௌனமும் அத்துணியின் ஒரு பகுதியாகிவிட்டது.

பரணிலிருந்து கூடத்திற்கு

கைவிடப்பட்டது வேறு, மறக்கப்பட்டது வேறு. 1841 ஏப்ரலில் 'ராஜா' என்னும் கப்பல் 180 பெண் கைதிகளுடன் இங்கிலாந்திலிருந்து டாஸ்மேனியா நோக்கிப் புறப்பட்டது. எலிசபெத் ஃப்ரை அம்மையார் தொடர்புடைய மகளிர் அமைப்பு அவர்களுக்குத் துணியும் ஊசியும் நூலும் வழங்கியிருந்தது. சூலையில் கப்பல் ஹோபார்ட் துறைமுகம் அடைவதற்குள், கைதிப் பெண்கள் 2,815 துண்டுகள் கொண்ட விரிப்பு ஒன்றைத் தைத்து முடித்தனர். அதன்பின் அது கண்ணில் படாமல் மறைந்து, 1987இல் ஸ்காட்லாந்தில் ஒரு பரணிலிருந்து வெளிப்பட்டது. 1989 முதல் ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடத்தில் உள்ளது. செய்து முடித்தவர்கள் யார் யார் என்று பெயர் சொல்லிப் பிரிக்க இயலாத அவ்விரிப்பு, இன்று அந்நாட்டின் அரும்பொருள்களுள் ஒன்று.

அமெரிக்காவில் இக்கலை தளர்ந்தும் தழைத்தும் வந்தது. மேரி வெப்ஸ்டர் 1915இல் ஒட்டுப்போர்வையின் வரலாற்றையும் செய்முறையையும் நூலாக வெளியிட்டார். 1930களின் பொருளாதார நெருக்கடியில், தீவனமும் மாவும் வந்த பைகளின் பூத்துணிகூட வீணாகாமல் போர்வையாயிற்று. இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் ஆலைக் கம்பளங்கள் மலிந்தன. கைவேலை பழமையின் அடையாளமாகக் கருதப்பட்டது. பாட்டியர் இணைத்து வைத்த மேல்துணிகள் பெட்டிகளில் தங்கின.

1971இல் நியூயார்க் விட்னி அருங்காட்சியகம் ஒட்டுப்போர்வைகளை ஓவியங்களைப் போலச் சுவரில் தொங்கவிட்டது. ஜோனதன் ஹோல்ஸ்டைனும் கேல் வான் டெர் ஹூஃபும் திரட்டியவை அவை. 1976இல் அமெரிக்க விடுதலையின் இருநூறாம் ஆண்டு விழா பழங்கைவேலைகள்பால் மக்களைத் திருப்பிற்று. 1981இல் தொடங்கிய கென்டக்கி ஒட்டுப்போர்வைத் திட்டம், மக்களைத் தத்தம் வீட்டுப் போர்வைகளுடன் குறித்த நாளில் வரச்செய்து அவற்றைப் பதிவு செய்தது. பிற மாநிலங்களும் அவ்வழியைப் பின்பற்றின. பெட்டிகள் திறந்தன. முடிந்தவற்றோடு முடியாதவையும் வெளியே வந்தன.

முடிக்கும் நெறி

பெட்டியிலிருந்து வந்ததை அப்படியே தைத்துவிட முடியாது. பழந்துணிக்கு அதற்கே உரிய நோய்கள் உண்டு. இரும்புச் சத்துக் கலந்து ஏற்றிய பழுப்பு, கறுப்பு நிறங்கள் நாளடைவில் இழையையே அரித்துவிடும். மற்றப் பூக்கள் வாடாமல் இருக்கப் பழுப்புப் பூ மட்டும் உதிர்ந்திருப்பதைப் பழம்போர்வைகளில் காணலாம். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எடை கூட்டுவதற்காக உலோக உப்பில் தோய்த்த பட்டு, தொட்ட இடத்தில் கிழியும். ஆகவே முதலில் துணியை நோக்கி, இற்ற துண்டுகளை நீக்கி, அதே காலத்துத் துணியைத் தேடி வைத்து, தளர்ந்த மூட்டுகளை இறுக்கிய பின்னரே பஞ்சு வைத்துத் தைக்க வேண்டும். ஒரு பழம் மேல்துணியின் மதிப்பு அது முடியாமல் இருப்பதிலேயே அடங்கியிருக்குமானால், தைக்காமல் காப்பதே நன்று என்றும் வல்லுநர் கூறுவர்.

இக்கலையினர் வற்புறுத்தும் மரபு ஒன்று உண்டு. முடித்தவர் போர்வையின் பின்புறத்தில் ஒரு சிறு துணித்துண்டைத் தைத்து, தொடங்கியவர் பெயர், முடித்தவர் பெயர், இரண்டின் ஆண்டுகள் ஆகியவற்றை எழுத வேண்டும். தொடங்கியவர் பெயர் தெரியாவிட்டால், துணி கிடைத்த இடத்தையேனும் குறிக்க வேண்டும். பிறர் உழைப்பைத் தனதாக்கிக்கொள்ளாத நேர்மையும், தன் உழைப்பை ஒளிக்காத துணிவும் அச்சிறு துண்டில் ஒருங்கே உள்ளன.

இந்நெறிக்குப் பெரிய எடுத்துக்காட்டு பேயோ திரைச்சீலை. 1066ஆம் ஆண்டு நார்மன் படையெடுப்பைக் கம்பளி நூலால் சித்திரிக்கும், ஏறத்தாழ 70 மீட்டர் நீளமுள்ள அதன் கடைப்பகுதி கிடைக்கவில்லை. ஆல்டர்னித் தீவு மக்கள் கூடி, வில்லியமின் முடிசூட்டு விழா இடம்பெறும் இறுதிப் பகுதியைத் தைத்து 2013இல் நிறைவு செய்தனர். அதனை மூலத்தோடு இணைக்கவில்லை, தனித்துணியாகவே வைத்தனர். இடைவெளி இடைவெளியாகவே நிற்க, அதன் எதிரே ஒரு விடையும் நிற்கிறது.

வீடுகளில் நிகழ்வது இதனினும் எளியது; இதனினும் நெருக்கமானது. ஆங்கிலக் கைவேலைக்காரர்கள் தம் வீட்டுக் குறைவேலைகளை 'யு.எஃப்.ஓ.' என்பர். முடிவுறாப் பொருள் என்பதன் முதலெழுத்துச் சுருக்கம் அது. பறக்கும் தட்டுக்கும் அதுவே பெயர் என்பதால் நகைப்பும் உடன்வரும். ஆனால் உரியவர் இறந்தபின் அந்த நகைப்பு நின்றுவிடுகிறது. 2022இல் அமெரிக்காவில் ஜென் சிமோனிக், மேசி கப்லன் என்னும் இருவர், தோழி ஒருவரின் தாய் முடிக்காமல் விட்டுச்சென்ற போர்வைகளைக் கண்டு 'லூஸ் எண்ட்ஸ்' என்னும் அமைப்பைத் தொடங்கினர். மறைந்தோரும், நோயால் கை தளர்ந்தோரும் விட்ட வேலைகளை, கலை அறிந்த தன்னார்வலர் முடித்துக் குடும்பத்தாரிடம் கட்டணமின்றித் தருகின்றனர். தாயின் கடைசித் தையல் எங்கே நின்றது என்பதைச் சில குடும்பங்கள் அடையாளமிட்டு வைக்கச் சொல்வதும் உண்டு. நின்ற இடம் தெரிய வேண்டும். போர்வையும் முழுமையாக வேண்டும். இரண்டு விருப்பங்களும் முரண்பட்டவை போல் தோன்றினும், துக்கத்தில் இரண்டுமே உண்மை.

முடிவே இல்லாத ஒரு போர்வையும் உண்டு. எய்ட்சு நோயால் மாண்டோர்க்கென, கிளீவ் ஜோன்ஸ் என்பவரின் எண்ணத்தில் பிறந்த நினைவுப்போர்வை, 1987 அக்டோபர் 11 அன்று வாஷிங்டனில் 1,920 பகுதிகளுடன் விரிக்கப்பட்டது. ஒவ்வொரு பகுதியும் மூன்றடி அகலமும் ஆறடி நீளமும் கொண்டது. ஏறத்தாழ ஒரு புதைகுழியின் அளவு. இன்று அது 50,000 பகுதிகளை எட்டியுள்ளது. அப்போர்வை முற்றுப்பெறும் நாளுக்காக, அதாவது இன்னொரு பகுதி தேவைப்படாத நாளுக்காக, அதனைத் தைப்போர் காத்திருக்கின்றனர்.

கந்தையும் கவிதையும்

வங்காளத்தில் பழஞ்சேலைகளையும் வேட்டிகளையும் அடுக்கி, ஓட்டுத்தையலால் சித்திரம் எழுதும் 'கந்தா' நம் 'கந்தை' என்னும் சொல்லோடு ஒலியாலும் பொருளாலும் நெருங்கியது. சேலைக்கரையிலிருந்து உருவிய வண்ண நூலே அதற்கு நூல். ஒரு கந்தா முடியச் சில வேளை ஆண்டுகள் ஆகும்; தாய் தொடங்கி மகள் முடித்ததும் உண்டு. கவிஞர் ஜசீமுத்தீன் 1929இல் வெளியிட்ட 'நக்ஷி காந்தார் மாட்' என்னும் கதைப்பாடலின் தலைவி, பிரிந்து சென்ற கணவனுக்காகக் காத்திருந்து, தங்கள் வாழ்வையே கந்தாவில் தைக்கிறாள். இறந்தபின் அதனைத் தன் கல்லறைமேல் விரிக்குமாறு வேண்டுகிறாள். அவள் ஊசி ஓய்ந்த இடத்திலிருந்து கவிஞரின் எழுதுகோல் தொடர்கிறது.

பொருநனின் கந்தலைத் தைத்த கைக்குப் பெயர் கிடைக்கவில்லை. இனித் தைப்போர்க்கேனும் அது கிடைக்க வேண்டும். பரணில் இருக்கும் துணியை ஒருநாள் இறக்கி, தைக்கத் தகுந்ததாயின் தைத்து, தகாததாயின் மடித்துக் காத்து, இருவழியிலும் தொடங்கியவர் பெயரை ஒரு துண்டில் எழுதிவைப்பது பின்வந்தோர் கடன்.