பாட் சரிந்தபோது படிப்பும் ஆடியது: 1998ல் அமெரிக்கா கொடுத்த வேலை அனுமதி

1997 ஜூலை 2ஆம் தேதி தாய்லாந்து அரசு தன் நாணயமான பாட்டின் மதிப்பைச் சந்தையின் போக்குக்கு விட்டுவிட்டது. அதுவரை ஒரு டாலருக்கு சுமார் 25 பாட். அடுத்த ஜனவரியில் அது 50ஐத் தாண்டிவிட்டது! தென் கொரியாவின் வோன், மலேசியாவின் ரிங்கிட், பிலிப்பைன்ஸின் பெசோ எல்லாம் வரிசையாகச் சரிந்தன. எல்லாவற்றையும் விட மோசம் இந்தோனேசியாவின் ரூபியா. டாலருக்கு சுமார் 2,400 என்று இருந்தது, 1998 ஜூனில் 15,000ஐயும் தாண்டிவிட்டது.

கொரிய மக்கள் கையிலிருந்த தங்கத்தைக் கொண்டு வந்து கொடுத்ததும், சுகார்த்தோ பதவி விலகியதும் பலருக்குத் தெரியும். அப்போது அமெரிக்காவில் படித்துக் கொண்டிருந்த இந்த நாட்டு மாணவர்களைப் பற்றி அதிகம் பேசப்படுவதில்லை. கொரிய மாணவர்கள் மட்டுமே 40 ஆயிரத்துக்கு மேல்.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். ஜகார்த்தாவில் இருக்கும் ஒரு அப்பா, மகனுக்கு வருடம் 15,000 டாலர் அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். பழைய விலையில் 3 கோடியே 60 லட்சம் ரூபியா. புதிய விலையில் 22 கோடியே 50 லட்சம். அவர் சம்பளமோ ரூபியாவில்தான் வருகிறது. கல்லூரி ஃபீஸ் ஒரு டாலர்கூடக் குறையவில்லை.

சரி, மகன் ஏதாவது வேலை பார்த்துச் சமாளிக்கலாமே? அங்குதான் சிக்கல். எஃப்-1 என்ற மாணவர் விசாவில் வந்தவர், செமஸ்டர் நடக்கும்போது கேம்பஸுக்குள் வாரம் 20 மணி நேரம்தான் வேலை செய்யலாம். வெளியே வேலை பார்க்கத் தனி அனுமதி வேண்டும். 1990ஆம் வருடச் சட்டத்தின் கீழ் வெளி வேலைக்குச் சற்று எளிதான ஒரு சோதனைத் திட்டம் இருந்தது. அதுவும் 1996 செப்டம்பர் 30ல், அதாவது பாட் விழுவதற்கு ஒன்பது மாதம் முன்பு, முடிந்து போனது.

மிச்சம் இருந்தது 'கடும் பொருளாதார நெருக்கடி' என்ற விதி. நாணய மதிப்பு பெரிதும் மாறுவதையும் அந்த விதி ஒரு காரணமாக ஏற்கிறது. ஆனால் ஒரு முழுக் கல்வியாண்டு படித்து முடித்தவருக்குத்தான் அது பொருந்தும். 1997 ஆகஸ்டில் வந்து சேர்ந்தவர் என்ன செய்வார்? ஃபீஸ் கட்ட முடியாமல் பாடங்களைக் குறைத்தால் முழுநேர மாணவர் என்ற தகுதி போகும், அதோடு விசாவும் போகும். தனி ஒருவரின் கஷ்டத்தை மனதில் வைத்து எழுதிய விதி அது. ஐந்து நாடுகளின் பிள்ளைகள் ஒரே நேரத்தில் வந்து நிற்பார்கள் என்று யாரும் நினைக்கவில்லை போலும்.

1998 ஜூன் 10ல்தான் அமெரிக்கக் குடிவரவுத் துறை இறங்கி வந்தது. இந்தோனேசியா, தென் கொரியா, மலேசியா, தாய்லாந்து, பிலிப்பைன்ஸ் ஆகிய நாடுகளிலிருந்து பணம் வரும் மாணவர்களுக்கு இந்த விதிகளைத் தளர்த்தியது. 20 மணி நேர வரம்பு தளர்ந்தது, ஒரு வருடக் காத்திருப்பு நீங்கியது, வேலைக்காகப் பாடங்களைக் குறைத்துக்கொண்டாலும் முழுநேர மாணவராகவே கணக்கு. குடியுரிமையைப் பார்க்காமல் பணம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தது புத்திசாலித்தனம்தான். ஆனால் பாட் விழுந்து பதினோரு மாதம் ஆகியிருந்தது. அதற்குள் இரண்டு செமஸ்டர் ஃபீஸ் கட்டியாக வேண்டியிருந்தது. கட்ட முடியாமல் ஊர் திரும்பியவருக்கு இந்த அறிவிப்பால் என்ன பயன்?

அதன் பிறகு இந்த வழி நிலைத்துவிட்டது. 2010ல் ஹைட்டி, 2011ல் லிபியா, 2012ல் சிரியா மாணவர்களுக்கு இதே போன்ற சலுகை கிடைத்தது. நேபாளத்தில் நிலநடுக்கம் வந்தது 2015 ஏப்ரல் 25ல். நேபாள மாணவர்களுக்கான அறிவிப்பு வந்தது நவம்பர் 9ல்.