நாட்குறிப்பின் மௌனமும் முதுமையின் சாட்சியமும்: தொடக்ககால மார்மன் வரலாற்றில் அற்புதக் கூற்றுகளை மதிப்பிடுதல்

1. சிக்கல்

1892-இல் வில்ஃபோர்ட் உட்ரஃப் ஒரு சாட்சியம் அளித்தார். அப்போது அவருக்கு வயது 85. மார்மன் சபை எனப்படும் பிற்காலப் புனிதர்களின் இயேசு கிறிஸ்து திருச்சபைக்கு அவர் நான்காம் தலைவர். 1844 ஆகஸ்ட் 8 அன்று இல்லினாய் மாநிலத்து நாவூ நகரில் பிரிகாம் யங் பேச எழுந்தார். பேசுபவர் யங்தான் என்று கண்ணால் கண்டிராவிட்டால், கொலையுண்ட சபை நிறுவனர் ஜோசப் ஸ்மித்தே பேசுகிறார் என்று தாம் நம்பியிருக்கக்கூடும் என்பது அச்சாட்சியத்தின் சாரம். அதே கூட்டத்தைப் பற்றி அதே உட்ரஃப் 37 வயதில் தம் நாட்குறிப்பில் விரிவாக எழுதியிருக்கிறார். குரலோ முகமோ மாறியதாக அதில் ஒரு சொல்லும் இல்லை.

மார்மன் முன்னோடிகளின் வழிவந்த குடும்பங்களில் இத்தகைய கதைகள் பரம்பரைச் சொத்தாகப் போற்றப்படுகின்றன. அவற்றை ஐயுறுவது பாட்டனைப் பொய்யர் என்பதற்குச் சமம் என்று ஒரு சாரார் கருதுகின்றனர். காலம் கடந்து சொன்னவை எல்லாம் கட்டுக்கதை என்று மறுசாரார் தள்ளிவிடுகின்றனர். இரு சாராரும் ஒரே பிழையைச் செய்கின்றனர்: மூதாதையர் பல காலங்களில் பேசியிருக்க, ஒரு காலத்துக் குரலை மட்டுமே எடைக்கு வைக்கின்றனர். இளமையில் எழுதிய நாட்குறிப்பும் மூதாதையரின் சாட்சியமே. அதில் எழுதாமல் விட்டதையும் கேட்பதே அவருக்குச் செய்யும் முழு மரியாதை என்று இக்கட்டுரை வாதிடுகிறது.

2. நாவூ, 1844

ஜோசப் ஸ்மித்தும் அவர் அண்ணன் ஹைரமும் 1844 ஜூன் 27 அன்று கார்த்தேஜ் சிறையில் கும்பலால் சுட்டுக் கொல்லப்பட்டனர். அடுத்த தலைவர் யார் என்பதில் தெளிவில்லை. ஸ்மித்தின் ஆலோசகராக இருந்த சிட்னி ரிக்டன் ஆகஸ்ட் 3 அன்று பிட்ஸ்பர்க்கிலிருந்து வந்து, சபைக்குத் தாமே காப்பாளர் என்றார். பன்னிரு அப்போஸ்தலரின் தலைவரான யங் 6-ஆம் தேதி வந்து சேர்ந்தார். 8-ஆம் தேதி ஆயிரக்கணக்கானோர் கூடிய கூட்டத்தில் இருவரும் பேசினர். மக்கள் பன்னிருவரை ஏற்றனர்.

அன்று யங் மறுரூபமாகி ஜோசப்பாகவே தோன்றினார் என்னும் கூற்று பின்னர் பரவியது. லின் வாட்கின்ஸ் ஜோர்கென்சன் இத்தகைய சாட்சியங்களை நூற்றுக்கு மேல் திரட்டி, இது ஒரு சமூகம் கூட்டாகப் பெற்ற ஆன்மிக அனுபவம் என்றார். அதற்குச் சற்று முன், 1995-இல், ரிச்சர்ட் வான் வாகனர் இதைப் பின்னாளில் உருவான தொன்மம் என வாதிட்டிருந்தார். கூட்டக் குறிப்புகளிலும் யங்கின் நாட்குறிப்பிலும் சபையின் இதழிலும் மறுரூபம் பற்றிய பேச்சே இல்லை என்பது அவர் வாதத்தின் அடிப்படை.

நூறு சாட்சியங்கள் என்ற எண்ணிக்கை மலைக்க வைக்கும். ஆனால் சாட்சிகள் ஒருவரையொருவர் கேட்டிராதபோதுதான் எண்ணிக்கைக்கு வலு உண்டு. உபவாச நாள் கூட்டங்களிலும் ஜூலை 24 முன்னோடிகள் நாளிலும் இக்கதையைத் திரும்பத் திரும்பக் கேட்டு வளர்ந்த ஊர்களில், நூறு சாட்சியங்களும் நூறு தனிக் கண்களின் பதிவுகளாக இருக்க இயலாது. ஆர்சன் ஹைடின் நிலை இதைக் காட்டுகிறது. அப்போஸ்தலரான அவர் 1869-இலும் 1877-இலும் அக்காட்சியை நேரில் கண்டவராகப் பேசினார். உண்மையில் அவர் நாவூ வந்து சேர்ந்தது ஆகஸ்ட் 13 அன்று, கூட்டம் முடிந்து ஐந்து நாள் கழித்து. அவர் வேண்டுமென்றே பொய் சொன்னார் என்று நான் கருதவில்லை. ஒரு சமூகத்தின் நினைவு தனிமனிதரின் நினைவாகக் குடியேறும் இயல்பையே அவரிடம் காண்கிறேன். எனினும், அங்கே இல்லாத ஒருவர் இத்தனை உறுதியோடு நினைவுகூர முடியும் என்றால், அங்கே இருந்தவரின் பிற்கால உறுதியும் தனியே நின்று சான்றாகாது.

3. மௌனம் எப்போது பேசும்?

எழுதாததால் நடக்கவில்லை என்று முடிவுகட்டுவது ஆபத்தான வழி. நாவூக் கூட்டத்தில் இருந்த பெரும்பாலோர் நாட்குறிப்பே எழுதியதில்லை. பெண்கள் பலரின் அனுபவம் முதன்முதலாக ஏடேறியதே முதுமையில்தான். அவர்களுடைய ஆரம்பகால மௌனத்தை எதிர்ச்சான்றாக நிறுத்துவது அநீதி. எழுதும் பழக்கமும், அத்தகையதை எழுதும் மனமும், எழுத வாய்ப்பும் ஒருங்கே உடையவர் எழுதாமல் விட்டால்தான் அம்மௌனம் பேசும்.

உட்ரஃப் அப்படிப்பட்டவர். அறுபது ஆண்டுகளுக்கு மேல் அவர் நாட்குறிப்பு எழுதினார். அற்புதம் என்று தாம் கருதியதை அன்றன்றே பதிந்தார். மிசூரியிலிருந்து துரத்தப்பட்ட மார்மன்கள் 1839 கோடையில் மிசிசிப்பி ஆற்றின் சதுப்புக் கரைகளில் முறைக்காய்ச்சலால் வாடிக் கிடந்தனர். ஜூலை 22 அன்று ஜோசப் ஸ்மித் நோயாளிகளிடையே சென்று, கையைப் பிடித்து, எழும்படி கட்டளையிட்டார். அந்நாளைக் கடவுளின் வல்லமை வெளிப்பட்ட நாள் என்றே உட்ரஃப் அக்காலத்திலேயே எழுதியிருக்கிறார். 1881-இல் வெளிவந்த அவருடைய நூல் அதை இன்னும் விரிவாகச் சொன்னாலும், கதையின் கரு நாட்குறிப்பிலேயே உண்டு.

நிகழ்வின் காரணம் வேறு கேள்வி. முறைக்காய்ச்சல், அதாவது மலேரியா, ஏறி இறங்கும் நோய். சுரம் விட்ட இடைவேளையில் நோயாளி எழுந்து நடப்பது இயற்கைதான். அதே 1839-இல் ஆகஸ்ட் 8 அன்று இங்கிலாந்துக்கு ஊழியப் பயணம் புறப்பட்டபோது உட்ரஃபே நடுக்கக் காய்ச்சலோடுதான் புறப்பட்டார். ஆனாலும் 1839 ஜூலையில் மக்கள் எழுந்தனர், அதை அங்கிருந்தவர்கள் அற்புதமாக அனுபவித்தனர் என்பதற்குச் சான்று வலுவாக இருக்கிறது. இதை ஒப்புக்கொள்ள ஆய்வாளர் விசுவாசியாக இருக்க வேண்டியதில்லை.

1839-இல் அற்புதத்தை உடனே எழுதிய அதே பேனா 1844-இல் எழுதவில்லை. ஆகவேதான் இந்த மௌனம் கனக்கிறது. உட்ரஃபை ஐயுறும் வெளியார் எவரும் இவ்வாதத்தைப் புனையவில்லை. உட்ரஃபின் சொந்தப் பழக்கமே இதற்கு அடித்தளம்.

4. உருவகம் காட்சியாதல்

அப்படியானால் பின்னாளின் சாட்சியங்கள் வெறுங்காற்றா? இல்லை. 1844 நவம்பரில் நாவூவிலிருந்து எழுதப்பட்ட ஒரு கடிதம், தோற்றத்திலும் பேச்சு முறையிலும் யங் ஜோசப்பை மிகவும் ஒத்திருப்பதாகச் சொல்கிறது. 1845 மே மாத நாட்குறிப்பு ஒன்று ஜோசப்பின் ஆவி யங்கின் மீது தங்கியது போலத் தோன்றியதாகச் சொல்கிறது. தீர்க்கதரிசி எலியாவின் சால்வை அவர் வாரிசான எலிசாவின் கைக்கு வந்த கதை வேதம் படித்த அம்மக்களுக்கு மனப்பாடம். தலைவனை இழந்து கலங்கி நின்றவர்கள், பழகிய குரலின் சாயலைப் புதிய குரலில் கேட்டார்கள். அந்த ஆறுதல் உண்மையானது. அதைச் சொல்லக் கிடைத்த மொழி சால்வையின் மொழி. நாளடைவில் ‘ஒத்திருந்தார்’ என்பது ‘அவராகவே தெரிந்தார்’ என்றாகிவிட்டது.

சூழலும் இம்மாற்றத்துக்கு உரமிட்டது. 1860-இல் ஜோசப்பின் மகன் மூன்றாம் ஜோசப் ஸ்மித், யங்கை ஏற்காதோரின் மறுசீரமைக்கப்பட்ட திருச்சபைக்குத் தலைவரானார். அச்சபையின் ஊழியர்கள், யங்கின் மக்கள் குடியேறியிருந்த யூட்டாவுக்கே வந்து, யங்குக்கு உரிமை இல்லை என்று போதித்தனர். ஜோசப்பின் வேறு இரு மகன்கள் யூட்டா வந்த 1869-ஆம் ஆண்டுதான் ஹைட் மேற்சொன்னபடி பேசிய ஆண்டும். வாரிசுரிமை வழக்காகும்போது, பழைய ஆறுதல் உரிமைப் பத்திரமாக மாறுவது இயல்பு.

5. கடற்காகங்கள், 1848

வேறு வகை வளர்ச்சிக்கு யூட்டாவின் கடற்காகக் கதை சான்று. உப்பு ஏரிப் பள்ளத்தாக்கில் குடியேறிய மறு ஆண்டு, 1848 மே இறுதியில், வெட்டுக்கிளி இனத்தைச் சேர்ந்த பறக்காத பூச்சிகள் பயிரை அழித்தன. மக்கள் மன்றாட, ஏரியிலிருந்து கடற்காகங்கள் கூட்டமாக வந்து அவற்றைத் தின்று பயிரைக் காத்தன என்பது கதை. சால்ட் லேக் நகரின் ஆலய வளாகத்தில் 1913 முதல் இதற்கு நினைவுத்தூண் நிற்கிறது.

வில்லியம் ஹார்ட்லி 1970-இல் அக்கால ஆவணங்களைத் துருவினார். பறவைகள் வந்தது உறுதி: ஜூன் 9 அன்று பள்ளத்தாக்கின் தலைவர்கள் யங்குக்கு எழுதிய கடிதம் அதைச் சொல்கிறது. ஆனால் நாட்குறிப்பாளர்கள் பலர் பூச்சியோடு உறைபனியையும் வறட்சியையும் குறித்திருக்க, பறவைகளைக் குறித்தோர் சிலரே. பறவைகள் வந்த பின்னரும் சேதம் தொடர்ந்தது. கடற்காகங்கள் பிற ஆண்டுகளிலும் வந்திருக்கின்றன.  1853-இல் ஹைட் ஆற்றிய உரையில்தான் இது கடவுளின் தலையீடாகப் பொதுமேடை ஏறியது.

இங்கே நிகழ்வு நிலைத்திருக்க, பொருள் வளர்ந்தது. நாவூவிலோ பொருள் முன்னே இருக்க, நிகழ்வு வளர்ந்தது. இவ்விரண்டையும் ஒரே தராசில் ‘உண்மையா, பொய்யா’ என்று நிறுத்துவதால்தான் குழப்பம் விளைகிறது. கடற்காகக் கதையை நம்புகிறவர் உண்மையில் நடந்த ஒன்றுக்கு விளக்கம் தருகிறார். அவ்விளக்கத்தை வரலாற்றாய்வு நிறுவவும் முடியாது, மறுக்கவும் முடியாது. முகம் மாறியதை நம்புகிறவரோ நிகழ்வையே கோருகிறார். அதை ஆவணங்களைக் கொண்டு சோதிக்கலாம், சோதிக்கவும் வேண்டும்.

6. முடிவு

மூதாதையரின் அற்புதக் கூற்றை எடைபோடுகையில் நான்கைக் கேட்க வேண்டும். சொன்னவர் அங்கே இருந்தாரா? எப்போது சொன்னார்? பிறர் சொல்லக் கேட்குமுன் சொன்னாரா? எழுதாதிருந்தால், எழுதக்கூடியவராக இருந்தும் எழுதாதிருந்தாரா? இவற்றில் தேறிய கூற்று நிகழ்வுக்குச் சான்று. தேறாததையும் எறிந்துவிடலாகாது, அது சொன்ன காலத்து மக்களின் ஏக்கத்துக்கும் நன்றிக்கும் சான்று. 1892-இன் உட்ரஃப் அரை நூற்றாண்டு அலைச்சலைத் திரும்பிப் பார்த்து, அதன் தொடக்கத்தில் கடவுளின் கையைக் கண்டார். அதை மதிப்பதற்காக 1844-இன் உட்ரஃபின் வாயை அடைக்க வேண்டியதில்லை.

ஆகவே குடும்ப வரலாறு தொகுக்கும் வழித்தோன்றல்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: முதுமையின் நினைவுக்குறிப்பை அச்சிடும் பக்கத்திலேயே அந்நாளின் நாட்குறிப்பையும் தேதியோடு அச்சிடுங்கள். இரண்டுக்கும் இடையே இருக்கும் ஆண்டுகளை மறைக்காதீர்கள். அந்த ஆண்டுகளில்தான் உங்கள் பாட்டன் வாழ்ந்தார்.