எட்டாம் வகுப்புக்குப் பிந்தைய தூரம்: பீகார் மிதிவண்டித் திட்டத்தை முன்வைத்து

வட இந்தியக் கிராமங்களில் பெண்பிள்ளைகள் இடைநிலைக் கல்வியை எட்டாமல் போவதற்குப் ‘பெற்றோரின் மனப்பான்மை’ என்ற காரணம் அடிக்கடி சொல்லப்படுகிறது. அது முழுப் பொய்யல்ல. ஆனால் அரசு செய்யத் தவறியதை எளிதில் மறைத்துவிடும் காரணம் அது. பீகாரின் அனுபவம் வேறொன்றைக் காட்டுகிறது.

2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி பீகாரில் எழுதப் படிக்கத் தெரிந்த பெண்கள் 33 விழுக்காடு. ஆண்கள் ஏறக்குறைய 60. 2006இல் அம்மாநில அரசு, ஒன்பதாம் வகுப்பில் சேரும் மாணவிகளுக்கு மிதிவண்டி வாங்க 2,000 ரூபாய் வழங்கத் தொடங்கியது. இதன் விளைவை ஆராய்ந்த கார்த்திக் முரளிதரனும் நிஷீத் பிரகாஷும், 2000 வரை பீகாரின் பகுதியாக இருந்த ஜார்க்கண்டுடன் ஒப்பிட்டார்கள். உரிய வயதில் இடைநிலை வகுப்பில் சேரும் பெண்கள் 32 விழுக்காடு கூடியிருந்தார்கள். ஆண், பெண் இடைவெளி 40 விழுக்காடு குறைந்திருந்தது.

இந்த உயர்வு எந்த ஊர்களில் நேர்ந்தது என்பதுதான் நம் வாதத்துக்கு முக்கியம். பெரும்பாலும் உயர்நிலைப் பள்ளி மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் இருந்த ஊர்களில்தான். பணத்துக்காகத்தான் பெண்ணைச் சேர்த்தார்கள் என்றால், பள்ளி பக்கத்திலிருந்த ஊர்களிலும் அதே அளவு உயர்வு தெரிந்திருக்க வேண்டும். மனப்பான்மைதான் தடை என்றால், சில ஆண்டுகளில் ஒரு மிதிவண்டி அதை நகர்த்தியிருக்காது. படிக்க வைக்கும் விருப்பம் பல வீடுகளில் ஏற்கெனவே இருந்தது. அதற்கு வழிதான் இல்லை.

அப்படியானால் அதே தூரம் பையனை ஏன் தடுக்கவில்லை? ஏற்றத்தாழ்வின் வேர் இங்கேதான் இருக்கிறது. நடந்து போய்வரும் இரண்டு மணி நேரம் பெண்பிள்ளைக்குத் தண்ணீர் எடுப்பது, சமைப்பது, தம்பி தங்கையரைப் பார்த்துக்கொள்வது ஆகியவற்றிலிருந்து பிடுங்கப்படும் நேரம். பையனிடம் வீடு அந்த வேலையை எதிர்பார்ப்பதில்லை. ஆளரவமற்ற சாலையில் நேரும் சீண்டலுக்கும், அதையொட்டி எழும் ஊர்ப்பேச்சுக்கும் பயந்து நிறுத்தப்படுபவளும் அவளே. மாணவிகள் கூட்டமாகச் சைக்கிளில் போகத் தொடங்கியதும் இந்தப் பயம் ஓரளவு தணிந்திருக்க வேண்டும். கல்வி உரிமைச் சட்டத்தின் காப்பு 6 முதல் 14 வயது வரைதான். பள்ளி தூரமாகி, பெண்மீது கண்காணிப்பு இறுகும் அதே வயதில் சட்டமும் விலகிக்கொள்கிறது. இதை நான் தற்செயலான குறையாகக் கருதவில்லை. கொள்கையே ஏற்படுத்திய பள்ளம் இது.

மிதிவண்டியின் எல்லையையும் அதே ஆய்வு காட்டுகிறது. இறுதித் தேர்வு எழுதிய பெண்கள் 18 விழுக்காடு கூடினார்கள். தேர்ச்சி பெற்றவர்கள் கூடியது 12 விழுக்காடுதான். பள்ளி வாசல்வரை வந்துவிட்ட பெண்ணுக்கு, உள்ளே கணக்கும் அறிவியலும் நடத்த ஆசிரியர் வேண்டும். எட்டாம் வகுப்புக்கு முன்பே நின்றுவிட்டவளுக்கோ இத்திட்டத்தில் இடமே இல்லை. தூரம் இவ்வளவு பெரிய தடை என்று தெரிந்த பிறகு, பள்ளிகளை இணைப்பது, புதிதாகத் திறப்பது பற்றிய ஒவ்வொரு முடிவுக்கும் முன்னால், அங்கே வரவேண்டிய மாணவிகளின் ஊர்களிலிருந்து எவ்வளவு தூரம், எந்தச் சாலை, எந்த நேரத்தில் பேருந்து என்பதைக் கணக்கிட்டு வெளியிடுவதை அரசுகள் கட்டாயமாக்க வேண்டும்.