ஹெர்னின் ஆங்கில வகுப்பு

அந்நிய மொழியை அதன் பண்பாட்டோடும் இலக்கியத்தோடும் சேர்த்தே கற்பிக்க வேண்டும் என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அப்பண்பாடு மாணவனுக்கு முற்றிலும் அயலானதாயின்? ஜப்பானில் இவ்வினாவை நேருக்கு நேர் சந்தித்தவர் லஃப்காடியோ ஹெர்ன்.

கிரேக்கத் தாய்க்கும் அயர்லாந்துத் தந்தைக்கும் 1850-இல் பிறந்த இவர், 1890-இல் ஜப்பான் சென்று, மட்சுயே நகரில் ஆங்கில ஆசிரியரானார். நிலவு, தோட்டத்து மலர் என மாணவர் கண்டறிந்த பொருள்களைப் பற்றி அவர்கள் ஆங்கிலத்தில் எழுதியவற்றுள் சிலவற்றை, 1894-இல் வெளிவந்த தம் நூலிலும் சேர்த்துக்கொண்டார். பிழைகளை விட அவற்றிலிருந்த சிந்தனையே அவரைக் கவர்ந்தது போலும்!

1896 முதல் 1903 வரை டோக்கியோ இம்பீரியல் பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியம் கற்பித்தார். மாணவர் எழுதிக்கொள்ளும் வகையில் நிதானமாகப் பேசுவார். அக்குறிப்புகளே அவர் மறைவுக்குப்பின் நூல்களாயின. மேலை இலக்கியத்தில் பெண்மைக்கு வழங்கப்படும் வணக்கத்தை ஜப்பானியர் உணர்வது மிகக் கடினம் என்று அவர் வெளிப்படையாகவே கூறினார். அவ்வுணர்வை ஏற்கும்படி அவர் கேட்கவில்லை. அப்படியொன்று அங்கு உண்டு என்று அறிந்து படிக்கும்படியே கேட்டார். அகராதியை மட்டும் நம்பும் ஆசிரியருக்கு இத்துணிவு வாராது என்பது நம் எண்ணம்.

1903-இல் அவர் விலக நேர்ந்தபோது மாணவர் கொதித்தெழுந்தனர். அவர் இடத்திற்கு வந்தவர்களுள் ஒருவர், இலண்டனில் பயின்று திரும்பிய நட்சுமே சோசெகி. சீனச் செவ்வியல் நூல்களில் ஊறி வளர்ந்த அவர், ஆங்கில இலக்கியத்தால் தாம் ஏமாற்றப்பட்டதுபோல் உணர்ந்ததாக, 1907-இல் வெளியான தம் இலக்கியக் கோட்பாட்டு நூலின் முன்னுரையில் எழுதினார். அவ்வாண்டே பல்கலைக்கழக விரிவுரையாளர் பணியைத் துறந்து, 'அசாஹி' நாளிதழில் சேர்ந்து, ஜப்பானிய மொழியில் நாவல் எழுத அமர்ந்தார்.